மூன்று மிதி

ஜூன் 10, 2025. செவ்வாய்

காலையில் டிப்போ ஓய்வறையில் நான்கு பேருக்கு இடுப்புப் பிடிப்புக்கு மிதித்தேன். மூன்று டிரைவர்கள், ஒரு மெக்கானிக். விழுப்புரம் வண்டி ஏழு பத்துக்கு என்பதால் ஐந்தாவது ஆளைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டேன். "பெரியதம்பி அண்ணன் கால் பட்டாதான்யா நமக்கு கியரே உழுவுது" என்று ஒருவன் சொன்னான். காதில் விழாதவன் மாதிரி இருந்துகொண்டேன். உள்ளுக்குள் குஷிதான், மறைப்பானேன்.

அந்தக் குஷி கூட்டேரிப்பட்டு வரைக்கும்கூட வரவில்லை. ஒரு காலேஜ் பெண்ணின் பாஸ் அட்டை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. நடு இடுப்பில் ஆணி இறங்கின மாதிரி ஒரு வலி. சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஷூ லேஸைப் பார்ப்பது போல நடித்து, விக்கிரவாண்டி வரை கோணலாகவே டிக்கெட் கொடுத்தேன். முன்கண்ணாடியில் மணிமாறன் பார்த்தானா தெரியவில்லை. பார்த்திருந்தாலும் கேட்க மாட்டான். பதினோரு வருஷமாக அவன் டிரைவர், நான் கண்டக்டர். எங்களுக்குள் விசில்தான் பேச்சு.

இந்த நோட்டில் இதுவரை எழுதினதில்லை, எழுதிவிடுகிறேன். நான் காலால் பிறந்தவன். தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவன் இடது காலால் இடுப்பில் மூன்று மிதி மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன். ஆனால் என் முதுகில் என் காலை நானே எப்படி வைப்பது? வெளியே சொன்னால் டிப்போவே சிரிக்கும்.

ஜூன் 12, வியாழன்

வலி. உட்கார முடியவில்லை. இதை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று ஓய்வு. ஆறு மணிக்கு விழிப்பு வந்தது. ஏழேகால் வரை பாயில் மல்லாந்து கிடந்தேன், எழ முடியாமல். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் எவ்வளவு தூசி என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். என் மனைவி கிருஷ்ணவேணி இருந்திருந்தால் ஸ்டூலில் ஏற்றி என்னைத் துடைக்க வைத்திருப்பாள். அவள் கண்ணை மூடி ஆறு வருஷம். போன் ஜன்னலில் சார்ஜில் கிடந்தது. கையிலேயே இருந்திருந்தாலும் யாருக்குப் போட்டிருப்பேன்? மணிக்கா? "மணி, வந்து என்னத் தூக்கி உடு" என்று நானா? சீ.

கடைசியில் உருண்டு, முட்டி போட்டு, பீரோவைப் பிடித்து எழுந்தேன். எழுந்த பிறகுதான் பயம் வந்தது. விழுந்து கிடந்தால் எத்தனை நாள் கழித்து யார் கதவைத் தட்டுவார்கள் என்று கணக்குப் போட்டேன். டிப்போவில் ஆப்சென்ட் போட்டு, மெமோ அடித்து, அதற்கப்புறம் ஒருவேளை மணி வருவான்.

பக்கத்து வீட்டு டி.வி. நாள் முழுக்க ஓடியது. என் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. வண்டியில் மட்டும் ஓயாமல் பேசுகிறேன், உள்ள போங்க, படியில நிக்காதீங்க, விக்கிரவாண்டி எறங்கு. அதெல்லாம் பேச்சா?

ஜூன் 18, புதன்

போனேன். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் மாடியில் ஒரு பிசியோதெரபி. சட்டையை மாற்றிக்கொண்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். கொரோனா போய் எத்தனை வருஷம் ஆச்சு, வாட்ச்மேன் என்னைத் திருடனைப் பார்ப்பது போலப் பார்த்தான். தொழில் என்ன என்று கேட்டதற்கு மல்லாட்டை வியாபாரம், கடலை வாங்கி விற்கிறேன் என்றேன். பார்த்த பெண்ணின் பெயர் அஸ்வினி. மகள் என்று ஒருத்தி பிறந்திருந்தால் அந்த வயசு இருக்கும்.

"வியாபாரம்னா ஒரு பக்கத் தோள் மட்டும் இப்டி எறங்காதே சார். இந்தப் பக்கம் இன்னா பை மாட்றீங்க?"

மாட்டிக்கொண்டேன். இருபத்தேழு வருஷமாக அதே தோளில் அதே தோல் பை. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை, நல்ல பெண். காலை நீட்டித் தூக்கிப் பார்த்தாள், சுத்தியால் முட்டியைத் தட்டினாள். நரம்பில் அழுத்தம் இல்லை, பயப்பட வேண்டாம் என்றாள். பாயிலிருந்து நேராக எழக் கூடாது, பக்கவாட்டில் புரண்டு கையூன்றித்தான் எழ வேண்டுமாம். கீழே கிடப்பதை எடுக்க இடுப்பை மடிக்காமல் முட்டியை மடக்க வேண்டும். பையைத் தோள் மாற்றிப் போட வேண்டும். படுத்தே கிடந்தால் சரியாகாது, தினம் இருபது நிமிஷம் நடக்க வேண்டும். செய்வதற்கு நான்கு பயிற்சி, படம் போட்ட தாள்.

"எனக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு, காலால பொறந்தவரு. மிதிச்சி உட்டா நல்லாயிடுதுன்றாங்களேம்மா" என்று நைசாகக் கேட்டேன்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "வெறும் சதைப் பிடிப்பா இருந்தா மிதிச்சாலும் உட்டுடும், மிதிக்காட்டியும் நாலு நாள்ல உட்டுடும் சார். ஆனா கால்ல மரமரப்பு எறங்குச்சின்னா மட்டும் யாரையும் முதுவு மேல கால வெக்க உட்றாதீங்க. நரம்பு நசுங்கிடுச்சின்னா பாதம் தூக்க வராது. அப்புறம் அந்த மிதிக்கிறவரு, ஒத்தக் கால்ல நின்னுக்கினுதானே மிதிப்பாரு? அவரு இடுப்பும் போயிடும், சொல்லிடுங்க."

படி இறங்கும்போது கோபம் கோபமாக வந்தது. தானே நாலு நாளில் விட்டுவிடுமாம்! அப்போது நான் இத்தனை வருஷம் மிதித்ததெல்லாம் என்ன, பாவ்லாவா?

ஜூன் 27, வெள்ளி

தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மல்லாந்து படுத்து முட்டியை மார்புக்கு இழு, விடு. இடுப்பை மட்டும் தூக்கு, பத்து எண்ணு, இறக்கு. பூனை மாதிரி நாலு காலில் நின்று முதுகை வளை. ஐம்பத்தாறு வயசில் நடு வீட்டில் பூனையாக நிற்கிறேன், பார்க்க ஆள் இல்லாதது ஒரு வகையில் புண்ணியம். வெந்நீர்ப் பையும் வைக்கிறேன். கொஞ்சம் தேவலை. ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் கிடங்கல் பக்கம் நடந்தேன். இருபது நிமிஷம். எதிரே வந்த எல்லாரும் ஜோடி ஜோடியாக வந்தார்கள், இல்லாவிட்டால் போனில் பேசிக்கொண்டு வந்தார்கள். திரும்பி வரும்போது வீட்டு வாசலில் ஒரு ஆள் வேட்டியைப் பிடித்தபடி வளைந்து நின்றிருந்தார், ரோஷணையிலிருந்து வருகிறாராம். மிதித்தேன். மிதி வாங்கினவர்கள் திரும்பிப் பார்க்கவும் கூடாது, போய்ட்டு வர்றேன் என்று சொல்லவும் கூடாது, சொன்னால் பிடிப்பும் திரும்பி வந்துவிடும் என்பது வழக்கம். அவரும் அப்படியே விறுவிறுவென்று போனார். இந்த வீட்டுக்கு வருகிற ஆட்களே இவர்கள்தான். வருகிறவர்கள் எல்லாரும் சொல்லாமல் போகிறவர்கள்.

அவர் போன பிறகு எனக்கு இடுப்பு விண்ணென்று தெறித்தது. அந்தப் பெண் சொன்னது சரிதான், ஒற்றைக் காலில் நிற்பது ஆகவில்லை. நிறுத்த வேண்டியதுதான். நிறுத்தினால்? அப்புறம் யார் வருவார்கள்?

ஜூலை 14, திங்கள்

விழுப்புரத்தில் வண்டி நிற்கும் கால் மணி நேரத்தில் மணி டயரில் சாய்ந்துகொண்டு காலை உதறிக்கொண்டிருந்தான். "என்னடா?" என்றேன்.

"ஒண்ணுல்லண்ணா. தொடைலேர்ந்து கட்டவெரல் வரிக்கும் எறும்பு ஊர்ற மாரி கீது. மரமரன்னு."

எனக்கு அஸ்வினி சொன்னது தொண்டை வரை வந்தது. சொன்னால், உனக்கெப்படித் தெரியும் என்பான். மாடி ஏறியதைச் சொல்ல வேண்டும், மாஸ்க்கைச் சொல்ல வேண்டும், பூனையைச் சொல்ல வேண்டும்.

"காத்துப் புடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினேன்.

ஜூலை 16, புதன்

காலை ஓய்வறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். புதிதாக வந்திருக்கிற டிரைவர் வல்லரசு, இருபத்தொன்பது வயசு, டிப்ளமா படித்தவன். ஒருவரை மிதித்து முடித்ததும் எல்லார் முன்னாலும் சொன்னான், "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா, இதெல்லாம் சும்மா மனசுதான். கால்ல இன்னா கரண்டா கீது?" இரண்டு பேர் சிரித்தார்கள். நேற்று வரை என்னிடம் மிதி வாங்கினவர்கள்தான் அந்த இரண்டு பேரும்.

எனக்கு முகம் எரிந்தது. மணி மூலையில் நின்று சட்டை பட்டன் போட்டுக்கொண்டிருந்தான். "மணி, வாடா, படு" என்றேன். அவன் உடனே வரவில்லை. ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தான். அப்புறம் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தான். மூன்று மிதி. மூன்றாவது கொஞ்சம் ஓங்கியே விழுந்தது, கோபத்தில்.

எழுந்து, "நல்லா கீதுண்ணா" என்றான். வல்லரசைத் திமிராக ஒரு பார்வை பார்த்தேன். நாள் முழுக்க வண்டி ஓடியது. ஆனால் மணி இன்று கிளட்சைத் தாமதமாக மிதிக்கிற மாதிரி இருந்தது. எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ?

ஜூலை 17, வியாழன்

மணி வரவில்லை. காலையில் எழுந்தபோது வலது பாதம் தூக்க வரவில்லையாம். செருப்பு காலில் நிற்காமல் கழன்று கழன்று விழுந்ததாம். விழுப்புரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். டைம்கீப்பர் சொன்னார். நான் "அப்படியா" என்றேன். அப்படியா என்று கேட்டேன், பாவி.

ஜூலை 18, வெள்ளி

எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினேதான் மிதிச்சேன்.

ஜூலை 20, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு கீழேயே அரை மணி நேரம் நின்றேன். மணியின் மனைவி தமிழ்ச்செல்வி பிளாஸ்கோடு இறங்கி வந்து என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"செவ்வாக்கெழம ஆபரேசனுண்ணா. டிஸ்க்கு நரம்ப அமுக்கிக்கினு கீதாம்" என்றாள். அப்புறம் சொன்னாள், "நீங்க ஒரு வாட்டி மிதிச்சி உட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதுண்ணா. இந்த மனுசன் உங்களாண்ட வாயத் தொறந்து சொல்லல போல."

அவன் அவளிடம் சொல்லவே இல்லை! நான் மிதித்ததைச் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். சாத்துக்குடியை அவள் கையில் கொடுத்துவிட்டு, டூட்டி இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, மேலே போய் அவன் முகத்தைப் பார்க்காமலே வந்துவிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. வலி போய்விட்டதாம். பாதம் வரவில்லை. நாளாகும் என்கிறார்களாம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இனிமேல் யாருக்கும் மிதிப்பதில்லை. "எனக்கு ஆகலப்பா" என்று மட்டும் சொல்கிறேன், காரணம் சொல்வதில்லை. பெரியதம்பிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேச்சு. வல்லரசு சொன்னதால் ரோஷம் வந்துவிட்டது என்றும் பேச்சு. ஒரு வாரம் கேட்டார்கள், பிறகு கேட்கவில்லை. இன்று காலை ஓய்வறையில் நான் போய் உட்கார்ந்தபோது எவனும் என் பெஞ்சுக்கு வரவில்லை. அவனவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு இப்போது ஜோடி வல்லரசுதான். நன்றாகத்தான் ஓட்டுகிறான். முன்கண்ணாடியில் அவன் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் பேஜாராக இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பயிற்சி செய்தேன். நடந்தேன். சமைத்தேன். தின்றேன். போனை எடுத்து மணி நம்பரைப் பார்த்தேன். வைத்துவிட்டேன். போன வாரமும் இதேதான்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இடுப்பு சரியாகிவிட்டது என்றே சொல்லலாம். பாஸ் அட்டை விழுந்தால் முட்டியை மடக்கி எடுக்கிறேன், பை வலது தோளுக்கு வந்துவிட்டது. அஸ்வினியிடம் கடைசித் தடவை போனேன். மாஸ்க் போடவில்லை. "கண்டக்டர் சார், சூப்பர்" என்றாள். எந்த நாளோ என் வண்டியில் டிக்கெட் வாங்கியிருக்கிறாள்.

நண்பன் ஒருவனுக்கு இப்படி ஆகிவிட்டது என்று அவளிடம் கேட்டேன். மிதித்ததால்தான் பாதம் போயிருக்குமா? அவள் யோசித்துச் சொன்னாள், "அதனாலதான்னும் சொல்ல முடியாது சார், அதனால இல்லன்னும் சொல்ல முடியாது. டிஸ்க் ஏற்கெனவே வெளியே வந்திருக்கும். மிதிக்காம இருந்திருக்கலாம்." அந்த நண்பர் யார் என்று அவள் கேட்கவில்லை.

எனக்கு நல்லாயிடிச்சி, அவனுக்குப் போச்சி. இது என்ன நியாயம்?

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

வண்டிக்குப் பொட்டு வைத்தார்கள், வாழைக்கன்று கட்டினார்கள், பொரி கொடுத்தார்கள். டைம்கீப்பர் சொன்னார், மணி இனி டிரைவராக வர முடியாதாம். ஃபிட்னஸ் கிடைக்கவில்லை. டிப்போவிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேறு வேலைக்கு எழுதியிருக்கிறார்களாம். பதினெட்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினவன். பொரியைக் கையில் வைத்துக்கொண்டு டீசல் பங்க் பின்னால் போய் நின்றேன். அழுதேன். இந்தத் தடவை அடக்கவில்லை.

போக வேண்டும். அடிப்பானா, அடிக்கட்டும். முகத்தில் முழிக்காதே என்றால் அதையும் கேட்டுக்கொண்டு வர வேண்டும். ஆனால் அதோடு எனக்கு இந்த ஊரில், எந்த ஊரிலும், ஆள் கிடையாது. இரண்டு மாதத்துக்கு மேலாக நான் போகாமல் இருந்தது அதற்குத்தான். வெட்கம் கொஞ்சம், பயம்தான் ஜாஸ்தி.

அக்டோபர் 12, ஞாயிறு

போய்விட்டு வந்தேன்.

விழுப்புரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் காணை, மணியின் ஊர். மணி வீட்டு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது காலில், பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிற பிளாஸ்டிக் பட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். "உக்காருடா" என்றேன், நானும் உட்கார்ந்தேன். காப்பி வந்தது, குடிக்கவில்லை. யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய் நேராகவே சொல்லிவிட்டேன். எனக்கும் இடுப்பு வலி, ஆஸ்பத்திரிக்கு ஒளிந்து போனேன், மரமரப்பு இருந்தால் மிதிக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னாள், எனக்குத் தெரியும், தெரிந்தேதான் உன்னைப் படுக்கச் சொன்னேன், அந்தப் பயல் முன்னால் என் கௌரவத்துக்காக.

மணி பட்டையின் வாரைத் தளர்த்தி மறுபடி மாட்டினான். அப்புறம் சொன்னான்.

"எனக்கும் தெரியும்ணா."

"என்னடா தெரியும்?"

"நீ மிதிச்சதுக்கு மொத நாள் சாயங்காலமே டாக்டரப் பாத்துட்டேன். ஸ்கேன் எடு, லீவு போடு, எவனையும் முதுவுல கால வெக்க உடாதன்னு சொல்லிட்டாரு."

"அப்புறம் எதுக்குடா படுத்த?"

"நீ கூப்ட்டியே."

அவன் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினான். "அண்ணி போனப்புறம் நீ சிரிச்சி நான் பாக்கறது அந்த ரூம்ல மட்டுந்தாண்ணா. நாலு பேரு உன்னச் சுத்திக்கினு நிப்பானுங்க, அந்த பத்து நிமிசம். அன்னிக்கி அவன் அப்டி சொன்னதும் உன் மூஞ்சி செத்துப்போச்சி. சரி, மூணு மிதிதானே, இன்னா ஆயிடப்போவுதுன்னு படுத்தேன்."

"அறிவுகெட்டவனே, முட்டாளே" என்று திட்டினேன். திட்டிக்கொண்டே அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் கையை எடுக்கவில்லை.

தமிழ்ச்செல்வி கதவருகில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெளியே வந்தாள். என்னை அடித்தால் தேவலை என்று இருந்தது.

"பதினோரு வருசம் ஒரே வண்டியில போய்க்கினு வந்துக்கினு இருந்தீங்க. எனக்கு இடுப்பு வலிக்குதுன்னு ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக்கத் தெரியல? ஊரு சனம் மொத்தத்துக்கும் டிக்கெட் குடுக்கற வாயி, இதுக்கு இல்லியா? இவரு பெரிய தியாகி. நீங்க பெரிய வைத்தியரு. நடுவுல கால் போனது யாருக்கு? என் குடும்பத்துக்கு!"

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறின காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கிளம்பும்போது அவள் வரவில்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

எப்போதும் போலக் கேட்டு வாங்கின டூட்டி. காலி வண்டி. வல்லரசு வீட்டிலிருந்து அதிரசம் கொண்டுவந்து கொடுத்தான். சாப்பிட்டேன். மணியிடமிருந்து போன் இல்லை. நானும் போடவில்லை. தமிழ்ச்செல்வி வீட்டில் நல்ல நாளும் அதுவுமாக நான் ஏன் குரலைக் கொடுப்பது?

அக்டோபர் 29, புதன்

தமிழ்ச்செல்வி போன் செய்தாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.

"இவரு நடக்க மாட்டேன்றாரு. டாக்டரு தெனம் நடக்கச் சொல்லிக்கீறாரு. பட்டை போட்டுக்கினு தெருவுல போனா எல்லாரும் பாக்கறாங்களாம். நான் சொன்னா கேக்கல. ஞாயித்துக்கெழம வந்து இழுத்துக்கினு போங்க."

"வர்றேம்மா" என்பதற்குள் வைத்துவிட்டாள்.

நவம்பர் 2, ஞாயிறு

காலை எட்டு மணிக்கெல்லாம் காணை போய்விட்டேன். மழை விட்டிருந்தது. மணி முறைத்துக்கொண்டே செருப்பு மாட்டினான். ஏரிக்கரை மேல் நடந்தோம். அவன் வலது காலை உயர்த்தி உயர்த்தி வைக்கிறான், சேறு தெறிக்கிறது. எதிரே மாட்டோடு வந்த ஒருவர் பட்டையைப் பார்த்தார். மணி நின்றுவிட்டான்.

நானும் நின்றேன். என்ன சொல்லி நடக்க வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவனாகவே கேட்டான்.

"உனக்கு இப்ப வலிக்குதாண்ணா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. "நடந்தா இல்ல. காலைல எழுந்திருக்கறப்போ இருக்கு. ஞாயித்துக்கெழமன்னா ஜாஸ்தி. உனக்கு?"

"கால்ல வலியே இல்லண்ணா. அதான் பயமா கீது. ராவுல தொட்டுத் தொட்டுப் பாக்கறேன்."

"இன்னும் சொல்லு" என்றேன்.

சொன்னான். நடந்துகொண்டே சொன்னான். நானும் சொன்னேன், பாயில் கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை, பீரோவை, எல்லாவற்றையும். கரையின் மறுகோடி மதகுக்கு வந்து நேரம் பார்த்தபோது ஐம்பது நிமிஷம் ஆகியிருந்தது. திரும்பவும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும்.